கோளாறு இல்லை

ஹச்சினோஹே மருத்துவமனையிலிருந்து வந்த பெட்டியில்
கேமராத் தலை ஒன்று. கேபிளைச் சுருட்டக்கூட இல்லை.
கூடவே டாக்டர் இசோகாயின் அவசரக் கையெழுத்தில் ஒரு தாள்:
'மஞ்சள் கூடுதலாகக் காட்டுகிறது.
அறுவையைப் பாதியில் நிறுத்தினோம்.'

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தான்.
ஆனால் இதன் கண் வெறும் கண்ணாடி.
இதற்குக் கல்லீரல் கிடையாது.

இந்தப் பிரிவுக்கு வந்து எனக்கு எட்டு மாதம்.
அதற்கு முன் பத்தொன்பது வருடம்
இதே உட்சுனோமியா ஆலையில், நடைக்கூடத்தின் மறுகோடியில்,
ஸ்டூடியோ கேமராக்களுக்கு நிறம் சேர்த்தேன்.
தூங்காமல் வந்த செய்தி வாசிப்பாளருக்கு
ஒரு சிட்டிகை சிவப்பு.
தோற்றுப்போய் எழுந்திருக்கும் சுமோ வீரனின் முதுகில்
மணலைத் தாண்டி ஒரு மினுமினுப்பு.
வெக்டர்ஸ்கோப் வட்டத்தில் மனிதத் தோலுக்கு ஒரே கோடுதான்,
எந்த நாட்டு முகமும் அதை ஒட்டியே வந்து படியும்.
நான் அதைச் சற்று உயிரின் பக்கம் சாய்த்தேன்.
ஒருவரும் புகார் எழுதியதில்லை.

இங்கே வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
ரத்தத்தை அழகாக்காதே.

இருபத்துநான்கு கட்ட அட்டையை வைத்தேன்.
எல்லாக் கட்டமும் சரி.
சாம்பல் சாம்பலாகவே இருந்தது,
அதுதான் எங்கள் தொழிலில் கடினமான நிறம்.
விளக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன்,
என் உள்ளங்கையை நீட்டினேன்,
நாற்பத்தாறு வயது உள்ளங்கை, அப்படியே தெரிந்தது.

மதியம் சூப்பர்மார்க்கெட்டில் கோழி ஈரல் வாங்கினேன்.
இறைச்சி அடுக்கின் மேலே இளஞ்சிவப்புக் குழல்விளக்கு,
அதன் கீழே எல்லாமே இப்போதுதான் செத்ததுபோல் இருக்கும்.
பையைத் திறந்து லென்ஸின் கீழ் வைத்தேன்.
பழுப்பு.
ஈரல் எப்படியோ அப்படி.

மேலாளர் ஃபுனாபிகி எட்டிப் பார்த்தார்.
மோசமான ஆள் இல்லை,
ஈரலுக்குச் செலவான தொகையைக்கூடக் கணக்கில் எழுதச் சொன்னார்.
'மஞ்சளை இரண்டு புள்ளி இறக்கி அனுப்பிவிடுங்களேன்,
வாடிக்கையாளர் நிம்மதியாக இருப்பார்.'

இரண்டு புள்ளி.
கால் திருகு.
என் விரலுக்கு அது பழகிய தூரம்.

வெளியே இடி தொடங்கியிருந்தது.
ஜூலையில் இந்த ஊரில் மாலை என்றாலே இடிதான்.
மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்ட,
திரையில் ஈரல் மறைந்து
அதே பழுப்பில் திரும்பி வந்தது.

டாக்டர் இசோகாயை நான் பார்த்ததில்லை.
ஆனால் அந்தத் தாளில் 'கூடுதலாக' என்ற சொல்லின் கீழ்
பேனா இரண்டுமுறை அழுந்தியிருந்தது.
அவருக்கு அப்போதே தெரிந்திருக்கலாம்.
கேமராவாகவே இருந்துவிடட்டும் என்று
ஓரிரு இரவுகள் கேட்டிருக்கலாம்.
பெட்டிக்குள் அதைத்தான் அனுப்பியிருந்தார்.

அச்சடித்த படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
கோளாறு உண்டு. கோளாறு இல்லை.
உண்டு என்பதில் குறி போட்டிருந்தால்
ஹச்சினோஹேயில் யாரோ ஒருவர்
இன்னும் கொஞ்சநாள் நலமாக இருந்திருப்பார்,
திரையில்.

இரண்டாவது கட்டத்தில் முத்திரை வைத்தேன்.
மை காயும்வரை கையை எடுக்கவில்லை.
பிறகு கேபிளைச் சுருட்டினேன், வட்டம் வட்டமாக,
அவர்கள் சுருட்டாததை.

பதில் வரவில்லை. வழக்கமாகவே வராது.
பெட்டி கிடைத்ததற்கான ரசீது மட்டும், தேதியோடு.

அன்றிரவு கியோசா கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.
வினிகரில் மிளகு மிதந்தது.
சுவரில் தொலைக்காட்சி,
நாளையும் இடிமழை என்றாள் வானிலைப் பெண்.
அவள் கன்னத்தில் இருந்த அந்தச் சிவப்பு
என் கைவேலைதான்,
மூன்று வருடத்துக்கு முன்னால் அனுப்பிய கேமரா.

நன்றாகத்தான் இருந்தாள்.
இன்னொரு தட்டு சொன்னேன்.