திருத்தம்

நாக்பூர் அமர்வு, இரண்டாம் மாடி.
பதினெட்டு வருடமாக
நீதிபதிகள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
'தூண்டுதல் என்பது' என்று தொடங்கினாலே
விரல் முந்திக்கொள்ளும்.
அந்தப் பத்தி என் கணினியில் தயாராக இருக்கிறது,
பெயரும் தேதியும் மாற்றினால் போதும்.
கோபத்தில் உதிர்ந்த சொல் தூண்டுதல் ஆகாது.
சாகட்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.
சொல்லுக்கும் சாவுக்கும் நடுவே
நாள்கள் நீளக் கூடாது.

இந்த வழக்கில் நாற்பத்தொரு நாள்.
யவத்மாள் பக்கம் ஒரு பருத்தி ஆலை,
எடைக் கணக்கில் ஒன்பது மூட்டை குறைவு.
மேலாளர் திகம்பர் பானாயித்
எல்லோர் முன்னும் கேட்டார்:
"முகத்தை எங்கே வைத்துக்கொள்வாய்? போய்ச் சாவு."

போய்ச் சாவு.
நானும் சொல்லியிருக்கிறேன்,
ஸ்கூட்டரை உரசிப் போனவனிடம்.
பரீட்சையில் தோற்ற தம்பியிடம் ஒருமுறை;
அவன் சிரித்துவிட்டு டீ போடப் போனான்.

தீர்ப்பு சரிதான்.
நான் வக்கீல் இல்லை, ஆனாலும் சரிதான்.
ஆறு வருடம் திங்கள்தோறும்
காவல் நிலையத்தில் கையெழுத்திட்ட பானாயித்
'ரத்து' என்ற சொல் காதில் விழுந்ததும்
செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்து பார்த்தார்.
செருப்பு காலில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ரேவுபாய் வந்தாள்.
நகலில் ஏழாம் பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.
டெல்லிக்குப் போக எத்தனை நாள் கெடு என்று
சொல்ல வாயெடுத்தேன்.

"கோர்மாரே இல்லை," என்றாள். "கோட்மாரே.
புண்டலிக் கோட்மாரே."
பிறகு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல்,
"அந்த ஒன்பது மூட்டையும் இப்படித்தான்.
யாரோ தப்பாக எழுதியது."

கோர்மாரே வார்தாக்காரர்.
போன மார்ச்சில் இதே பத்தியில் இருந்தவர்.
எல்லா இடத்திலும் மாற்றினேன்,
ஒரே ஓர் இடத்தில்
அவர் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

திருத்தத்துக்கு மனு போட வேண்டும்,
முத்திரைத் தாள் வேண்டும்,
நீதிபதி இருபத்தாறு வரை விடுமுறை.
எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள்.
வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து
பையைத் துழாவி
மூடி தொலைந்த பேனா ஒன்றை எடுத்தாள்.

சான்றிட்ட நகலில் யாரும் எழுதக் கூடாது என்று விதி.
நான் முதுகைத் திருப்பிக்கொண்டு
அச்சுப்பொறிக்குத் தாள் வைத்தேன்,
ஏற்கெனவே இருந்தது,
இன்னும் கொஞ்சம் வைத்தேன்.