எடை

மனசு பாரமா இருக்கு என்றேன்.
வார்டுபாய் அதை இந்தியில் சொன்னான்.
டாக்டர் எடை மெஷினைக் காட்டினார்.
நாற்பத்தொன்று.
இரும்புச்சத்து மாத்திரை, காலையில் ஒன்று.

சயான் ஸ்டாப்பில்
தாராவி பஸ்ஸைக் காணோம்.
பக்கத்தில் ஷகுஃப்தா, கோவண்டிக்காரி,
மூன்று மாதமாய்த் தூக்கமில்லையாம்.
கழுத்துத் தாயத்தை இழுத்துக் காட்டினாள்.
என் சட்டைக்குள்ளும் ஒரு கயிறு,
அம்மா கட்டியது.
நான் காட்டவில்லை.

வியாழக்கிழமை மாடியில் ஒரு அக்கா வருவாள்,
சும்மா கேட்பாள் என்றாள்.
தமிழ் தெரியுமா?
தெரியாது. ஆனா
கடிகாரத்தைப் பார்க்க மாட்டா.

மருந்துச் சீட்டின் முதுகில்
வியாழன் என்று எழுதினேன்.
அதன் கீழே
வலமிருந்து இடமாக
அவளும் என்னவோ எழுதினாள்.
பஸ் வந்துவிட்டது,
என்னவென்று கேட்கவில்லை.