தப்படி

எங்கள் தட்டில் ஒரு கீறல் உண்டு.
ஹெர்வந்தாவுக்குக் குடிவந்த அன்று
மாடித் திருப்பத்தில் சோபாவைச் சாய்க்கும்போது
வெய்யோவின் முழங்கை செய்தது.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு, டாங்கோ.
"கரையில் நின்று" என்று பாடகன் இழுக்கும்போதே
ஊசி தாவிவிடும்.
"காத்திருக்கிறேன்" என்பதில் போய் விழும்.

பத்தொன்பது குளிர்காலம்
சமையலறையில், கம்பளிக் காலுறையோடு,
அதற்கு ஆடியிருக்கிறோம்.
தாவும் இடத்தில் ஒரு தப்படி,
யாரும் சொல்லித்தராதது:
இடது காலைத் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி,
ஊசி இறங்கியதும் இறக்குவது.

தட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை நான்.
இருபது நிமிடத்துக்கொரு தரம் எழுந்து புரட்ட வேண்டும்,
மாவுக் கையோடு தொடக் கூடாது,
மூடி திறந்திருந்தால் பூனை ஏறி உட்காரும்.
நான் டிராம் ஓட்டுகிறவள்.
நள்ளிரவில் பணிமனையில் வண்டியை விட்டுவிட்டுப்
பனியில் நடக்கும்போது
காதில் ஒலிப்பது கைப்பேசிதான்.
உறையில்லை, தூசியில்லை,
எத்தனை முறை கேட்டாலும் தேயாது.
தேயாதது சில சமயம் பயமாகவும் இருக்கும்,
அது வேறு விஷயம்.

போன மாதம் ஐலாவுக்கு இரண்டாம் கல்யாணம்,
ஏரிக்கரை மண்டபத்தில்.
பாட்டுக்குப் பொறுப்பான பையன்
கைப்பேசியில் விரலை வைத்தான்.
எங்கள் டாங்கோ!
துடைத்துவைத்த கண்ணாடி போல்.
வயலினுக்குப் பின்னால் ஓர் அக்கார்டியன் இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

கரையில் நின்று, என்றான் பாடகன்.
என் கால் உயர்ந்தது. வெய்யோவுடையதும்.
பாட்டு தாவவில்லை.
"எட்டு மணிப் படகுக்காக"
என்று சாவகாசமாகப் பாடிவிட்டுத்தான்
காத்திருக்கிறேன் என்றான்.

படகுக்காக.
இத்தனை வருடம் ஒரு பெண்ணுக்காக
என்றல்லவா இருந்தோம்.
ஒற்றைக் காலில் நின்றிருந்த எங்கள்மேல்
சுழன்று வந்த மாப்பிள்ளையின் அண்ணன்
முழு எடையோடு மோதினார்.

"அதுதான் சரியான பாட்டு" என்றான் வெய்யோ,
காரின் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டே.
"ஆமாம், நாம்தான் கீறல் விழுந்த ரெக்கார்டு" என்றேன்.
சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து முணுமுணுத்தான்,
கரையில் நின்று...
கையிலிருந்த சுரண்டி
கண்ணாடியை விட்டு எழும்பி
ஒரு கணம் நின்று
திரும்ப இறங்கியது.