முன்பணம் திரும்பாது

பதினான்கு மாதங்களுக்கு முன்
இருவருக்கென்று பிடித்துவைத்த மேசை.
பத்தாம் ஆண்டு மணநாள் என்று
பதிவில் குறிப்பெழுதியவள் நான்தான்,
இரண்டு ஆச்சரியக்குறிகளோடு.

ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது.
ஊர்மஸ் இதைத் தொலைபேசியில் சொன்னபோது
குரலில் துக்கமில்லை, கணக்கு இருந்தது.
உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போயேன் என்றான்.
நீ யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றேன்.
கடைசியில் விட்டுக்கொடுக்க
இருவருக்கும் மனம் வராமல்
நாங்களே போனோம்.

தாலின் துறைமுகத்தில் பிப்ரவரி.
அவன் டிராமில் வந்தான், நான் நடந்து வந்தேன்.
ஒரே வாசலில், ஒரே நேரத்தில்
காலணிப் பனியைத் தட்டினோம்.
ஒரு பையன் எங்கள் கோட்டுகளை
வாங்கிக்கொண்டு போனான்.

மேசையில் ஓர் அட்டை:
மாரிக்கா, ஊர்மஸ், பத்து ஆண்டுகளுக்கு வாழ்த்துகள்!!
என் ஆச்சரியக்குறிகள் இரண்டையும்
அப்படியே அச்சடித்திருந்தார்கள்.
ஊர்மஸ் அதைக் கவிழ்த்துவைத்தான்.
தண்ணீர் ஊற்ற வந்த பெண்
விழுந்துவிட்டதென்று நினைத்து
நிமிர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

நோட்டரியின் மேசையில் வேறொரு காகிதம்.
அதற்கு இன்னும் பதினொரு நாள்.

ஒன்பது வகை.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இருபது நிமிட இடைவெளி.
வக்கீல் முன்னால்கூட
இவ்வளவு நேரம் நாங்கள் எதிரெதிரே உட்காரவில்லை.

முதலில் விரல் நீளச் சாளைக்குஞ்சு ஒன்று,
கறுப்பு ரொட்டித் தூளின்மேல் படுத்தபடி.
அதற்கு ஒரு பேரும் கதையும் இருந்தது.
கேட்டுத் தலையாட்டினோம், பிள்ளைகள் மாதிரி.
மூன்றாவது, கண்ணாடி மூடிக்குள் ஜூனிபர் புகை.
திறந்ததும் அவன் காணாமல் போனான்.
புகை விலகி மீண்டு வந்தவனுக்கு
இடது புருவத்தில் ஒரு நரை.
எப்போது வந்தது என்று கேட்கும் உரிமை
இன்னும் பதினொரு நாளைக்கு
எனக்கு இருக்கிறதா தெரியவில்லை.
காளானைத் தின்றேன்.

நான்காவதற்குப் பிறகு பாய்லரைப் பற்றிப் பேசினோம்.
நாய் ஏற்கெனவே முடிவாகிவிட்டது:
ஒற்றைப்படை வாரங்கள் அவனுக்கு.

பக்கத்து மேசையில்
ஹெல்சின்கியிலிருந்து கப்பலேறி வந்த ஐந்து பேர்
யாருடைய பதவி உயர்வையோ உரக்கக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் அட்டையைப் படித்துவிட்டு
ஐந்து கோப்பைகளும் எங்கள் பக்கம் உயர்ந்தன.
என்ன செய்ய?
நாங்களும் உயர்த்தினோம்.

ஆறாவது மான் இறைச்சி,
ஓரத்தில் புளிக்கவைத்த வெங்காயம்.
வெங்காயம் எனக்கு ஆகாது.
அவன் முள்கரண்டி மேசையைக் கடந்து வந்தது,
கேட்கவில்லை, பார்க்கவுமில்லை,
என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனது.
கைக்கு யாரும்
நோட்டீஸ் அனுப்பவில்லை போல.
மூன்றாவது துண்டில்தான் அவனுக்கு உறைத்தது.
கரண்டி நடுவழியில் நின்றது.
சாப்பிடு என்றேன்.
வீணாகத்தானே போகும்.

இனிப்பு வந்தது: ஒரே தட்டு, இரண்டு கரண்டி,
நடுவில் நாங்கள் கேட்காத மெழுகுவத்தி.
யார் ஊதுவது?
மெழுகு ஐஸ்கிரீமில் சொட்டும்வரை
இருவருமே மரியாதைக்காரர்களாக இருந்தோம்.
பிறகு அந்தப் பெண்ணே வந்து அணைத்தாள்.

பில்லைப் பாதியாகப் பிரித்தான்.
முன்பணம் நான் கட்டியது,
அதைச் சரியாகக் கழித்தான்.
அவன் கணக்கு தப்பியதே இல்லை.
என் புகாரே அதுதான்.

கோட்டு வாங்கப் போனால் என்னிடம் எண் இல்லை.
அவன் சட்டைப்பையில் இருந்தது,
பித்தளையில் நாற்பத்தாறு, ஒன்றே ஒன்று.
ஒரே கொக்கியில் மாட்டியிருக்கிறான் பையன்.
இரண்டும் ஈரம்.
பிரித்தெடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது அவனுக்கு,
மன்னிப்புக் கேட்டான்.

டிராம் வரப் பன்னிரண்டு நிமிடம் என்றது பலகை.
நான் நடக்கவேண்டிய திசை வேறு.
நின்றேன்.

மூச்சு வெள்ளையாகப் பிரிய,
தண்டவாளத்தைப் பார்த்தபடி ஊர்மஸ் சொன்னான்:
இருந்ததிலேயே
அந்த வெங்காயம்தான் நன்றாக இருந்தது.