ஷட்டரில் ஒட்டிய தாள்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை ஷட்டரில்
மைதாப் பசை தடவி ஒட்டிய தாளில்
இன்றைக்கு நூற்றுப் பதினேழு எண்கள்.
மேலே சிவப்பு மையில்
'இந்த நம்பர்கள் எல்லாம் கள்ளன்.'
ஒருமை பன்மைப் பிழை என்றார் தமிழ் வாத்தியார்.
இருக்கட்டும் சார் என்றேன்,
கள்ளன் ஒருத்தன்தான், நம்பர்தான் மாறுது.

முதல் எண் முப்பிடாதி மதினியுடையது,
அவளை ஏமாற்றியவனுடையது என்று சொல்ல வேண்டும்.
பீடிக் கம்பெனி பி.எஃப். பணம், அறுபத்திரண்டாயிரம்.
மகனைப் போலப் பேசினானாம்.
ஓடிபி சொன்னபோது கையில் பாதி சுருட்டிய பீடி.
அதைச் சுருட்டி, மடக்கி, நூல் சுற்றிய பிறகுதான்
அடுத்த மெசேஜைப் பார்த்தாளாம்.
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
என்னிடம் சொன்னது
பாஸ்புக் நகலெடுக்கையில்,
மெஷின் சத்தத்துக்குள் மறையும்படி.

பிறகு பொய் பிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.
ஒரு மழை ராத்திரி
'அணை உடைஞ்சிட்டு, ஓடுங்க' என்று எவனோ குரல் அனுப்ப,
தெருவே ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது.
நான் ஸ்கூட்டியில் எதிர்த்திசை.
படித்துறையில் டார்ச் அடித்தேன்.
தண்ணீர் ஏழாம் படி.
அரை மணி கழித்தும் ஏழாம் படி.
படம் எடுத்து அனுப்பினேன்.
நம்பியவர்கள் கொஞ்சம்.
பொய்க்கு ஒரு குரல் இருந்தது, அதில் அழுகை இருந்தது,
என்னிடம் இருந்தது ஈரமான ஒரு படி.

போன வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லை.
என் பேரில் பார்சலாம், உள்ளே போதைப்பொருளாம்,
மும்பைப் போலீசாம், வீடியோவை அணைக்கக் கூடாதாம்.
காக்கிச் சட்டை.
பின்னால் அசோகச் சக்கரம் அச்சடித்த துணி,
கடையில் வாங்கிய மடிப்புகூடப் போகவில்லை.
இவர்களை நான் சட்டென்று விடுவதில்லை.
என்னிடம் வீணாகும் நிமிடமெல்லாம்
இன்னொரு முப்பிடாதிக்கு மிச்சம்.
அழுதேன்.
ஆதாரைத் தேடி டப்பாக்களை உருட்டினேன்.
கண்ணாடி இல்லாம எழுத்து தெரியலை சார் என்றேன்.
நாற்பது நிமிடம்.
அதுவரை ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசியவன்
பல்லைக் கடித்தான்:
"ஏட்டி, வெரசலா எடுட்டி,
இங்கன என்னைக் கொன்னுருவானுவ."

வெரசலா.

"ஏல," என்றேன், "நீ எந்த ஊருல?"
காக்கிக் காலருக்கு மேல் தொண்டை ஏறி இறங்கியது.
அவன் முதுகுக்குப் பின்னால்
புரியாத பாஷையில் யாரோ கத்தினார்கள்.
"கடையம்," உதடு அசையவில்லை,
"டேட்டா என்ட்ரின்னுதான் கூட்டிட்டு வந்தானுவ, பாஸ்போர்ட்ட…"
உடனே உரக்க,
"மேடம், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்."
பேரைச் சொல்லுல என்பதற்குள்
திரை கறுத்தது.

இதுவும் அவர்கள் பாடத்தில் ஒரு பக்கமோ?
நான் அழுததை அவன் நம்பினானே,
அவன் தொண்டையை நான் ஏன் நம்ப வேண்டும்?
நூற்றுப் பதினெட்டைப் பென்சிலில் எழுதினேன்.
ஸ்டேஷனில் மனு கொடுத்தேன்.
ரசீதை மடித்து வைத்துக்கொண்டு
திரையில் பிடித்த முகத்தைப் பெரிதாக அச்செடுத்து
கடையத்துக்குப் பஸ் ஏறினேன்.

டீக்கடையில் தெரியவில்லை.
ரேஷன் கடை வரிசையில் தெரியவில்லை.
ஸ்டாப்பிங்கில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தவள்
நாரை வாயில் கவ்வியபடி தாளை வாங்கினாள்.
நார் கீழே விழுந்தது.
"எங்க வில்வநாதன்லா இது!
ஆறு மாசமா ஒரு போனு இல்லை."
சட்டையைத் தடவினாள்,
தோள்பட்டை நட்சத்திரத்தை ஈரவிரலால் தொட்டாள்.
"போலீசாயிட்டானா?
சொல்லவே இல்லையே பாவிப்பய.
இத நான் வச்சுக்கிடட்டாம்மா?"

ஊரெல்லாம் பொய் பிடிக்கிறவள்
பஸ் வந்துட்டு என்றேன்.
வரவில்லை.
அடுத்த பஸ்ஸுக்கு
இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.