நான்கு மணிக் குழு

மாலை நான்கு. டாம்பெரே ஏரிக்கரை.
சுவரொட்டியின் அடியில்
பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் எங்கள் பெயர்.
எதிரே பதினோரு பேர்;
இருவர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள்,
ஒருவர் எய்னோவின் பல் மருத்துவர்.
சாசேஜ் சுடுகிறவன் மட்டும்
இடுக்கியால் தாளம் தட்டினான்,
அதுவும் அரை மாத்திரை பிந்தி.
மேடை விளக்குகளைப் போட்டார்கள்.
வெயில் தின்றுவிட்டது.

ஆறு பாட்டு. வண்டியில் ஏற்றும்போது
பெரிய குழுவின் ஆள் மூச்சிரைக்க வந்தான்:
"ஸ்னேர் தோல் கிழிந்துபோச்சு,
மாற்று ஹெல்சின்கியில் கிடக்கு.
உன்னுடையது கிடைக்குமா?"

இரவு பதினொன்று. இன்னும் இருட்டக் காணோம்.
நாலாயிரம் பேருக்கு நடுவே
ஆறிப்போன சாசேஜோடு நிற்கிறேன்.
அதோ, என் டிரம்.
உள்விளிம்பில் நான் ஒட்டிய பிளாஸ்திரி
யாருக்குத் தெரியும்?
அடிக்கு அடி துள்ளுகிறது கூட்டம்.
முன்னால் நிற்பவள் திரும்பி
"என்னமாய் அதிருது, கேட்டியா!" என்கிறாள்.
ம், என்கிறேன்.
கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கிறது
இல்லாத பெடலை.

திரும்பி வந்தபோது நடுவில் ஒரு பள்ளம்.
மன்னிப்புக் கேட்டான், நோட்டுகளை நீட்டினான்.
சாசேஜ்காரனுக்குத் தரவேண்டிய
எட்டு யூரோவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தோலை இன்னும் மாற்றவில்லை.