பிறந்த எடை

காளை எண் 412.
முதுகில் மயிர் மழித்த இடத்தில் எண்ணெய் தடவி
ஸ்கேன் கருவியை வைத்தால்
பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
திரையில் சாம்பலாய் ஒரு தசை,
நசுங்கிய நாவற்பழம் போல.
சுற்றி ஒரு கோடு இழுத்தால் பரப்பளவு வரும்.

ஒத்துப் பார்க்க
முத்துப்பேட்டையிலிருந்து அபூசாலியை வரச்சொல்லியிருந்தோம்.
முப்பது வருசக் கறிக்கடை.
அவர் திரைப்பக்கம் திரும்பவேயில்லை.
வாலடியில் இரண்டு விரல் வைத்து அழுத்தினார்,
இடுப்பைச் சுற்றி வந்தார்,
"எலும்பு தள்ளி நூத்திப்பத்து."
என் கணக்கு நூற்றுப் பதிமூன்று.
அந்த மூன்று கிலோவைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
டீ வந்தது.

தினசரி வளர்ச்சி, ஓராண்டு எடை, தசைப் பரப்பு,
எல்லாப் பத்தியிலும் 412தான் முதல்.
இந்தக் களிமண்ணில், உப்புக்காற்றில்,
அறுத்த தாளையும் கரைப்புல்லையும் தின்று
இவ்வளவு சதை போட்ட மொட்டை மாடு
எங்கள் பதிவேட்டில் வேறில்லை.
அதன் விந்து
தீக்குச்சி கனத்துக் குழல்களில்
மைனஸ் நூற்றுத்தொண்ணூற்றாறில் உறைந்தது.
ஊர்களுக்கு அனுப்பும் படிவத்தில்
'கன்று ஈனும் எளிமை' என்று ஒரு கட்டம் உண்டு.
அதுவரை பிறந்தவை ஏழே கன்றுகள்.
ஏழை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது
நான் படித்த புள்ளியியல்.
கட்டத்தை வெறுமனே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் இடும்பாவனத்திலிருந்து போன்.
தையநாயகியின் தலைச்சங்கிடேரி, பொட்டுக்காரி,
சாயங்காலத்திலிருந்து முக்குகிறது.
வாய்க்கால் கரையில் ஜீப் புதைந்து
டாக்டரும் நானும் நடந்து போய்ச் சேர்ந்தபோது
முன்னங்கால் இரண்டும் வெளியே,
மற்றதெல்லாம் உள்ளே.
கயிறு கட்டி நாலு பேர் இழுத்தோம்.
கன்று பிழைத்தது.
விடியும்போது பொட்டுக்காரி
கழுத்தை நீட்டிப் படுத்தவள் அப்படியே.

மழையில் சாக்கை விரித்து, தராசில் தூக்கி
நான் கன்றை எடை போட்டேன்.
இருபத்தேழு கிலோ.
இங்கே பதினெட்டு இருந்தாலே நல்ல கன்று.
எடை போட்டிருக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில்.
கை பழகிவிட்டது.

பத்து நாள் கழித்து பஸ் ஏறி வந்தாள் தையநாயகி.
இன்சூரன்ஸுக்காகக் காதோடு அறுத்த மஞ்சள் தோடு
மடியில், பாலித்தீன் பையில்.
அதை வாங்குகிற ஆபீஸ் இதில்லை என்றேன்.
தெரியும் என்றாள்.
"அந்தக் காளையக் காட்டுங்க."

412 தவிட்டுத் தொட்டியில் முகம் புதைத்திருந்தது.
சாதுவான மாடு, யாரையும் முட்டியதில்லை.
எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள்.
தோளுக்குத் தோள் முழம் போட்டாள்.
"மண்டையப் பாருங்க, தோளப் பாருங்க.
நீங்க எல்லாரும்
பின்னாலயே நின்னு பாத்திருக்கீங்க."

மிச்சம் நூற்று நாற்பது குழல்.
கொட்டிவிடலாம் என்றார் ஒருவர்.
நாலு வருச உழைப்பு என்றார் இன்னொருவர்.
ஒவ்வொரு உறையிலும் பேனாவால் எழுதினேன்:
'மூன்றாம் ஈத்துக்கு மேல், பெரிய மாட்டுக்கு மட்டும்.'
ஊசி போடுகிறவர் அவசரத்தில் இதைப் படிப்பாரா,
தெரியாது.

செவலையாய்ப் பிறந்த அந்தக் கன்று
ஆறாம் மாதம் எல்லாக் கன்றும் போல
சாம்பலுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.
வாங்கிய ஆட்டுப்பாலுக்கான சீட்டுகளை
தையநாயகி எனக்கு அனுப்புகிறாள், தேதி போட்டு.
போன வாரம் எடை பார்த்தேன்.
பட்டியலில் அதுதான் முதல்.